இன்டர்வெல் மேல் ஒரு பி.டி. மிஸ்ஸின் பொறாமை

நான் வேலை பார்த்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வண்ண அட்டவணை வந்தது. இப்போதைய பி.டி. டீச்சர் திவ்யா போட்டது. ஜூன் மாதத்திலிருந்து காலை இன்டர்வெல்லில் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடக் கூடாதாம். திங்கள் ஸ்கிப்பிங், செவ்வாய் யோகா, புதன் வளையம் எறிதல் என்று நாளுக்கு ஒன்று. வகுப்புக்கு ஒரு வட்டம், நடுவில் விசிலோடு ஒரு டீச்சர். குழுவில் பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். "எஸ்தர் மேடம், நீங்களும் ரெண்டு வரி போடுங்க, உங்க எக்ஸ்பீரியன்ஸ் எங்களுக்கு யூஸா இருக்கும்" என்று திவ்யா தனியாக வேறு கேட்டிருந்தாள். நாலு முறை தட்டினேன், நாலு முறை அழித்தேன். இரண்டு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் முப்பத்தோரு வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். அதில் முக்கால்வாசி பொறாமையில் போயிற்று. நன்றாக ஓடுகிற பிள்ளைகள் மேல் இல்லை, வேறு பள்ளி பி.டி. சார்கள் மேலும் இல்லை. காலை பத்து ஐம்பதுக்கு அடிக்கிற இன்டர்வெல் மணி மேல். அந்த மணி அடித்ததும் மரத்தடியில் போய் உட்காருகிற முழங்கால் வலிக்காரி ஒருத்தி மேல்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம். விடிவதற்குள் மைதானம், சாயந்திரம் மைதானம், நடுவில் எலும்புகளின் பெயர்கள். நூறு மீட்டரில் வாங்கிய இரண்டு மெடல்கள் கீழ்க்கட்டளை வீட்டு ஷோகேஸில் இன்றும் தொங்குகின்றன. பிள்ளைகளை ஓட வைக்கப் போகிறேன் என்றுதான் வேலைக்கு வந்தேன். வந்த முதல் மாதமே லேட்டாக வருகிறவர்களை கேட்டில் நிறுத்துவது, பிரேயரில் வரிசை கட்டுவது, நகம் வெட்டாதவர்களைப் பிடிப்பது எல்லாம் என் தலையில் கட்டப்பட்டன. மழை வந்தால் என் பீரியட் போகும். பரீட்சை வந்தால் போகும். "எஸ்தர், இன்னிக்கு சிக்ஸ்த் பி-ய எனக்குக் குடுத்துடு" என்பார் கணக்கு மிஸ், காபிப்பொடி இரவல் கேட்கிற மாதிரி. திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால் கிடைத்த பீரியடை நான் சிந்தாமல் சிதறாமல் நடத்துவேன். நாற்பது நிமிடம். வகுப்பிலிருந்து சத்தமில்லாமல் இறங்க ஐந்து நிமிடம். உயரப்படி நின்று, கை நீட்டி இடைவெளி விட்டு, அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ். ஷூ பார்ப்பேன், ரிப்பன் பார்ப்பேன். பிறகு எட்டு எண்ணிக்கையில் கை, இடுப்பு, கால் பயிற்சிகள். கடைசியில் நாற்பத்தாறு பேருக்கு இரண்டு த்ரோபால். முறை வரும்வரை மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும், பேசக் கூடாது. என் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த நூலில் நிற்கிற நேரம் எவ்வளவு, ஓடுகிற நேரம் எவ்வளவு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது மரத்தடி. ஸ்டெல்லா எங்கள் பள்ளியின் தையல் மிஸ். என் வயதுதான், நல்ல உடம்பு, இரண்டு முழங்காலும் தேய்மானம். பாட டீச்சர்களுக்கு இன்டர்வெல்லில் நோட்டுத் திருத்த வேண்டும் என்பதால் வருடக்கணக்காக மைதான டியூட்டி அவளுக்குத்தான். தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொக்கி ஊசியால் லேஸ் பின்னுவாள். அவ்வளவுதான் அவள் டியூட்டி. விசில் கிடையாது, அதட்டல் கிடையாது, நிமிர்ந்து பார்ப்பதுகூட அபூர்வம். பிள்ளைகள் மணி அடித்ததும் கண்ணாடி, ஐ.டி. கார்டு, பாதி தின்ற முறுக்கு எல்லாவற்றையும் அவள் மடியில் கொட்டிவிட்டு ஓடும். சாட் பூட் த்ரீ போட்டு ஆள் பிரியும். அந்த நாற்காலி முதுகைத் தொட்டால் 'சேஃப்'. தொட்டவரை அவுட் ஆக்க முடியாது. இருபது நிமிடமும் நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும், அவள் பின்னிக்கொண்டே இருப்பாள்.

ஸ்டெல்லாவைப் பெரிய ஞானி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் சோம்பேறி. அவளே சொல்வாள். "எழுந்து போய் அதட்ட யாரால முடியும் எஸ்தர்? கால் வலிக்குது" என்பாள். அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் தொண்டை கிழியக் கத்தி நடக்க வைக்கிற பிள்ளைகள், ஒன்றுமே செய்யாத அவளைச் சுற்றிப் பறந்தன. இன்டர்வெல் மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் போடுகிற சத்தம் என் பீரியட் மணிக்கு ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, இன்டர்வெல்லை இருபது நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைத்து, மிச்சத்தை எடுத்து ஒரு கோச்சிங் வகுப்புக்குச் சேர்க்கலாம் என்று நிர்வாகக் கமிட்டி யோசித்தது. எங்கள் எச்.எம். மேடம் எதற்கும் உடனே தலையாட்டுகிறவர் இல்லை. ஒரு காகிதம் கொடுத்தால் உட்கார மாட்டார், நின்றுகொண்டே படிப்பார். மரஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் கையெழுத்து, சொல்லாவிட்டால் காகிதம் நம் கைக்கே திரும்பும். முப்பது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குரல் உயர்த்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு அப்பா, நடக்கும் அடிகளை எண்ணுகிற கைப்பட்டைகள் ஐம்பது ஒரு வாரத்துக்கு இரவல் தருவதாகச் சொன்னார். எச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஆறாம் வகுப்பு பி. அந்த வாரம் மட்டும் தினமும் மூணாவது பீரியட் உனக்கு. முடிஞ்ச உடனே இன்டர்வெல். பி.டி.க்கு முன்னாடி ஒரு எண், பி.டி. முடிஞ்சு ஒண்ணு, இன்டர்வெல் முடிஞ்சு ஒண்ணு. பிள்ளைங்க எதுல எவ்வளவு ஓடறாங்கன்னு தெரியணும். கமிட்டிக்கு அதை வெச்சுத்தான் பதில் சொல்லப் போறேன்."

தினமும் ஒரு பீரியட், அதுவும் யாரும் இரவல் கேட்க முடியாத பீரியட். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை என் வழக்கப்படியே நடத்தினேன். பிள்ளைகள் அவரவர் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பெரிய தாளில் ஏற்றினேன். என் நாற்பது நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அறுநூறு, எழுநூறு அடி. ஸ்டெல்லாவின் இருபது நிமிடத்தில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அதே எண்தான் வந்தது. எதிரே ஸ்டெல்லா வாழைக்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் கறுக் முறுக் சத்தம் எனக்குக் காதில் புகை வர வைத்தது.

அந்தத் தாளில் ஒரு வரி என்னை இன்னும் எரித்தது. நிவேதா. ஊரப்பாக்கத்திலிருந்து வேனில் வருகிற, கொஞ்சம் பூசினாற்போல் உடம்புள்ள, கண்ணாடி போட்ட பெண். என் பீரியடுக்கு ஒவ்வொரு முறையும் அம்மா கையெழுத்திட்ட கடிதத்தோடு வருவாள். இருமல், விலக்கு அளிக்கவும். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் எண் என் பீரியடில் நாற்பதுகூட இல்லை. இன்டர்வெல்லில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

செவ்வாய்க்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் அவளைத் தனியாக நிறுத்தினேன்.

"என் பீரியட்ல மட்டும் உனக்கு இருமல் வருமா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க பீரியட்ல எல்லாரும் பாப்பாங்க மிஸ்."

"இன்டர்வெல்ல பாக்க மாட்டாங்களா? ஸ்டெல்லா மிஸ் உக்காந்திருக்காங்க இல்ல?"

"ஸ்டெல்லா மிஸ் ஊசியத்தான் பாப்பாங்க."

அன்றைக்கு அதைக் கேட்டு நான் திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது பீரியடில் ஷூவும் பார்க்கவில்லை, ரிப்பனும் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு. பிறகு நின்ற இடத்திலேயே ஜம்ப். மறுபடி மூன்று ரவுண்டு. மணி அடிக்கும்வரை விடவில்லை. இன்டர்வெல் தொடங்கியபோது பிள்ளைகள் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டன. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா கன்னியம்மா துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "இன்னா மிஸ், புள்ளைங்கோ அல்லாம் குந்திகினு கீது? ஜொரமா?" ஸ்டெல்லா ஊசியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "ஏன் எஸ்தர் இப்படிப் புழிஞ்சு அனுப்புற?" என்று கேட்டுவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

வகுப்பில் களைக்காதவள் ஒருத்திதான், கடிதம் கொண்டு வந்த நிவேதா. ஓட அவளுக்குத் தெம்பு இருந்தது, துரத்த ஆள் இல்லை. நாற்காலியைத் தொட்டாள், விலகினாள், மறுபடி தொட்டாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதையே செய்தேன்.

வெள்ளிக்கிழமைத் தாளில் பி.டி. பீரியட் கொடிகட்டிப் பறந்தது, இன்டர்வெல் படுத்துவிட்டது. எச்.எம். மேடம் நின்றுகொண்டு, ஸ்கேலை இறக்கி இறக்கிப் படித்தார். அதில் நாலு நாள் கணக்குதான் இருந்தது. அவருடைய ஒரே கேள்வி வந்தது.

"திங்கட்கிழமை?"

"பட்டைய சரியா கட்டல மேடம். அந்த எண் எல்லாம் தப்பு."

கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமைத் தாள் என் பையில், கோ-கோ விதிமுறைப் புத்தகத்துக்குள் மடித்திருந்தது.

அடுத்த வாரமே இன்டர்வெல் பத்து நிமிடமாயிற்று. ஸ்டாஃப் மீட்டிங்கில் என் பீரியடைப் பாராட்டிப் பேசினார்கள். கணக்கு மிஸ்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக முப்பது வருடம் காத்திருந்தவள் நான்.

பத்து நிமிடம் என்றால் என்ன என்று மைதானத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். மாடியிலிருந்து இறங்க இரண்டு நிமிடம், டாய்லெட் வரிசை நாலு நிமிடம், தண்ணீர்க் குழாய் இரண்டு நிமிடம். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது முதல் மணி அடித்துவிடும். சாட் பூட் த்ரீ போடவே நேரம் இல்லை. ஸ்டெல்லாவின் மடி காலியாக இருந்தது. நாற்காலி ஆடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒரு வாரம் இருந்தது என்றே சொல்ல வேண்டும், பொய் சொல்வானேன்.

ஒரு மாதம் கழித்து பெற்றோர் கூட்டம். நிவேதாவின் அம்மா என்னைத் தேடி வந்தார். பல்லாவரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

"மிஸ், அந்த லெட்டர் விஷயமா தப்பா நினைக்காதீங்க. அவ ஓடவே மாட்டா. வீட்லயும் அப்படித்தான். ஏழு மணிக்கு வேன், வந்தா டியூஷன். அபார்ட்மென்ட்ல கார் நிக்கிற இடம்தான் இருக்கு, விளையாட விட மாட்டாங்க."

"சரிங்க" என்றேன்.

"அது இல்ல மிஸ். முன்னாடியெல்லாம் சாயந்திரம் வந்தா நல்லா சாப்பிடுவா, படுத்தா தூங்கிடுவா. இப்ப ஒரு மாசமா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. சாப்பாடு எறங்கல. ஸ்கூல்ல எதாவது மாறியிருக்கா மிஸ்?"

அந்த அம்மாவுக்குத் தன் பெண் ஓடுகிற விஷயமே தெரியாது. ஒரு நாளில் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஓட்டம் அந்த இருபது நிமிடம் மட்டும்தான். அதை நான்தான் பிடுங்கியிருக்கிறேன், அதுவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு போட்டி போட்டு. "விசாரிக்கிறேங்க" என்று சொல்லி அனுப்பினேன். வெட்கமாக இருந்தது. சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமைத் தாளை எடுத்துக்கொண்டு எச்.எம். அறைக்குப் போனேன். மேஜை மேல் வைத்தேன். ரவுண்டு ஓட விட்டதையும், ஏன் ஓட விட்டேன் என்பதையும் சொன்னேன். பொறாமை என்ற வார்த்தை முதல் முறை வாயில் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. அவர் ஸ்கேலை எடுத்து, நின்றபடியே, நாற்பத்தாறு வரியையும் படித்தார். கீழே மைதானத்தில் யாரோ இருமியது மேலே கேட்டது.

"கமிட்டி முன்னாடி இதை நீயே படிக்கிறியா?"

படித்தேன். பெரியவர்கள் நாலு பேர், காபி, பிஸ்கட். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. முடித்ததும் ஒருவர் நியாயமாகத்தான் கேட்டார். "அப்ப பிள்ளைங்க தானா ஓடுதுன்னா, பி.டி. பீரியட் எதுக்கும்மா?"

"எப்படி ஓடணும்னு சொல்லிக்குடுக்க சார். ஓடறதுக்கு இன்டர்வெல் வேணும்."

அவர்கள் கலந்து பேசினார்கள். இன்டர்வெல் மறுபடி இருபது நிமிடம் ஆயிற்று. கோச்சிங் வகுப்புக்கு நேரம் வேண்டுமே? வாரத்துக்கு இருந்த இரண்டு பி.டி. பீரியடில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். எச்.எம். மேடம் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது. என் வாயாலேயே என் பீரியடைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது மரத்தடியைப் பார்த்தேன். ஸ்டெல்லா அந்த நேரத்திலும் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். நான் செய்தது அவளுக்குத் தெரியும், பள்ளிக்கே தெரியும். "உனக்கு வந்த புத்தி எனக்கு வராது, அவ்ளோ தூரம் யாரு நடக்கறது" என்றாள். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி வைக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் லீவு. மைதான டியூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். போகும் முன் ஸ்டெல்லா சொன்னது இவ்வளவுதான்: "நாற்காலிய நகத்தாத. விசில வீட்ல வெச்சுட்டு வா. கையில ஊசி நூல் வெச்சுக்க. உனக்குப் பின்னத் தெரியாது, பரவால்ல."

மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளைகூடப் பக்கத்தில் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியை 'சேஃப்' ஆக்கிக்கொண்டார்கள். கண்ணாடிகளைத் தொட்டித் திண்டில் வரிசையாக வைத்துவிட்டு ஓடினார்கள். ஒரு சிமென்ட் தொட்டியைப் பார்த்து வயிறு எரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் நிவேதா வந்தாள். கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

"மிஸ், ஸ்டெல்லா மிஸ் எப்ப வருவாங்க?"

"இன்னும் அஞ்சு வாரம் ஆகும்."

யோசித்தாள். தொட்டித் திண்டில் வைத்த கண்ணாடி ஒன்று முந்தின நாள் கீழே விழுந்து உடைந்திருந்தது. தன் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இத வெச்சுக்குங்க. ஆனா பாக்காதீங்க மிஸ்."

நான் குனிந்துகொண்டேன். நூலை ஊசியில் சுற்றினேன், சிக்காயிற்று, பிரித்தேன், மறுபடி சிக்காக்கினேன். காலடிச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜோடி, பிறகு ஏழெட்டு. என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு கை பட்டென்று விழுந்தது. "சேஃப்" என்று மூச்சிரைக்க ஒரு குரல். நாற்காலி ஆடியது. திரும்பவும் ஆடியது. முப்பது வருடம் ஸ்டாப்வாட்சும் கையுமாக அலைந்த கழுத்து, திரும்பு திரும்பு என்று துடித்தது. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் வியர்த்த கையால் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா?"

"இல்ல."

உண்மையிலேயே பார்க்கவில்லை. ஆயா கன்னியம்மா பார்த்திருக்கிறாள். துடைப்பத்தோடு வந்து என் பக்கத்தில் நின்று, "அந்தக் கண்ணாடிப் பொண்ணு இன்னா ஓட்டம் ஓடுச்சு மிஸ்" என்றாள். எப்படி ஓடினாள், கையை எப்படி வைத்தாள், குதிகாலில் ஓடினாளா முன்பாதத்திலா என்று கேட்டேன். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கப் போய்விட்டாள். ஒன்றும் தெரியாத அவள் கண்ணுக்குக் கிடைத்தது என் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்குக் கன்னியம்மா மேல் பொறாமைதான்.